சட்டை உரித்த தேதியைக் குறித்து வையுங்கள்: வீட்டில் பாம்பு முட்டைக்குக் காத்திருக்கும்போது வரும் சிக்கல்கள்

பாம்பு முட்டை போடுமா, போட்டால் பொரியுமா என்று நடு இரவில் டார்ச்சோடு பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படியுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: ஒரு நோட்டு எடுத்து, இணை சேர்ந்த தேதி, கடைசியாக இரை எடுத்த தேதி, சட்டை உரித்த தேதி, வாரம் ஒருமுறை எடை, இவ்வளவையும் எழுதி வையுங்கள். கீழே வரும் பாதிச் சிக்கல்களில் இது இயல்பா ஆபத்தா என்று சொல்வது பாம்பின் முகம் இல்லை, அந்த நோட்டில் இருக்கும் தேதிதான். தேதி தெரியாதவர் முதல் நாளே பதறுவார், இல்லையென்றால் பதற வேண்டிய நாளில் சும்மா இருந்துவிடுவார். இரண்டாவதில் பாம்பே போய்விடும்.

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் கார்ன் ஸ்னேக், பால் பைத்தான் (பந்து போலச் சுருண்டுகொள்ளும் ball python) இரண்டையும் வைத்தே பேசுகிறேன். கிங் ஸ்னேக், மில்க் ஸ்னேக் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய கார்ன் ஸ்னேக் கணக்கையே பின்பற்றலாம்.

இணை சேர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன, முட்டைக்கான அறிகுறியே இல்லை

முதலில் இனத்தைப் பாருங்கள். போவா, சாண்ட் போவா, கார்ட்டர் ஸ்னேக் எல்லாம் பெரும்பாலும் குட்டி போடும் பாம்புகள். அவற்றுக்கு முட்டைப் பெட்டி தயார் செய்து காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கேட்க எளிதாக இருக்கலாம், ஆனால் பாம்பை வேறொருவரிடமிருந்து வாங்கியவர்கள் இதில் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, உங்களிடம் இருப்பது ஆணும் பெண்ணும்தானா? வாலைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதை நம்பாதீர்கள். கழிவுத்துளையிலிருந்து வால் பக்கமாக மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்கும் முறையில் பெண்ணுக்குச் சில செதில் ஆழம்தான் போகும், ஆணுக்கு அதைவிட நன்றாக ஆழமாகப் போகும். இதைப் பழகியவரோ கால்நடை மருத்துவரோதான் செய்ய வேண்டும். கை தவறினால் உள்ளே கிழிந்துவிடும்.

இரண்டும் சரி என்றால் எடைக்கு வாருங்கள். பால் பைத்தான் பெண் 1,500 கிராமைத் தாண்டி, குறைந்தது மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். கார்ன் ஸ்னேக்குக்கு மூன்று வயதும் 300 கிராமுக்கு மேல் எடையும் வரும்வரை நான் ஆணோடு சேர்க்கவே மாட்டேன். இளம் பெண் பாம்பு இணை சேர்ந்துகொள்ளும், முட்டை கூடக் கட்டும், அதை வெளியே தள்ளத்தான் உடம்பில் தெம்பு இருக்காது. மெலிந்த பாம்போ, கட்டிய கருவைத் தானே உடம்புக்குள் கரைத்துக்கொள்ளும். வயிறு பெருத்து மறுபடி வற்றியது போலத் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அதற்காக வருத்தப்படாதீர்கள், பாம்பு தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பருவத்தை விட்டுவிட்டு நன்றாகத் தீனி கொடுங்கள்.

கார்ன் ஸ்னேக்குக்கு இன்னொன்று உண்டு. குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் 10 முதல் 13 டிகிரி குளிரில் உறங்கி எழுந்த பாம்புகள்தான் ஒழுங்காகப் பருவத்துக்கு வரும். அப்படிச் செய்யாமலும் முட்டை போடுபவை உண்டு, ஆனால் கூமுட்டை அதிகம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. குளிருக்கு அனுப்பும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். இரை எடுத்து இரண்டு வாரமாவது ஆகட்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பது அழுகிவிடும்.

இரை எடுக்க மாட்டேன் என்கிறது, வயிற்றை மேலே காட்டிப் படுக்கிறது

மகிழ்ச்சியான செய்தி. முட்டை கட்டிய பால் பைத்தான் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு படுக்கும், பின்பாதி உடம்பைத் திருப்பி வயிற்றைக் காட்டும், முதலில் குளிர்ந்த மூலையையும் அப்புறம் சூடான இடத்தையும் தேடும். ஒருநாள் காலையில் பார்த்தால் நடு உடம்பு, பெரிய எலியை விழுங்கியது போல வீங்கியிருக்கும், மறுநாள் இருக்காது. அதுதான் சினைமுட்டை விடுபட்ட நாள். பார்க்கக் கிடைத்தால் உடனே தேதியை எழுதுங்கள், பலருக்கு அது கண்ணில் படாமலே போய்விடும்.

கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், முதுகெலும்பு துருத்தித் தெரிந்து பக்கங்கள் ஒட்டிப்போனால், மூச்சில் சத்தம் வந்தால், வாயில் குமிழ் தெரிந்தால். அது சினை இல்லை, நோய்.

சட்டை உரித்துவிட்டது, இன்னும் முட்டையைக் காணோம்

முட்டை போடுவதற்கு முன்னால் பாம்பு ஒருமுறை சட்டை உரிக்கும். கார்ன் ஸ்னேக் என்றால் அதிலிருந்து 8 முதல் 14 நாளில் முட்டை வரும். பால் பைத்தானுக்கு ஏறக்குறைய 30 நாள், சில நாள் முன்னே பின்னே ஆகலாம். இந்த இரண்டு கணக்கையும் மாற்றிப் போட்டுக்கொண்டு, பால் பைத்தான் சட்டை உரித்த பதினைந்தாம் நாள் முட்டை அடைத்துக்கொண்டது என்று மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு கடந்துவிட்டது என்றால் முட்டை போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாம்பு முழு உடம்போடு நுழைந்து சுருண்டு படுக்கிற அளவில், இருட்டாக, மூடியில் ஒரே ஒரு ஓட்டை உள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரமான ஸ்பாக்னம் பாசி, இவ்வளவு போதும். பிழிந்தால் தண்ணீர் சொட்டாத ஈரம். சட்டை உரித்த அன்றே இதை உள்ளே வைத்துவிட வேண்டும். இடம் பிடிக்காத பாம்பு பெட்டி முழுக்க அலையும், மூக்கைக் கண்ணாடியில் தேய்க்கும், முட்டையைத் தள்ளிப்போடும், கடைசியில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிடும். தண்ணீரில் மூழ்கிய முட்டை சில மணி நேரத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பதால் இந்த நாட்களில் பெரிய கிண்ணத்தை எடுத்துவிட்டுச் சின்னதாக, குடிக்க மட்டும் வையுங்கள்.

இன்னொரு காரணம் நாம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தால் எந்தப் பாம்பும் நிம்மதியாக முட்டை போடாது. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போதும்.

இடம் இருக்கிறது, தொந்தரவும் இல்லை, ஆனால் கணக்குக்கு மேல் ஒரு வாரம் ஓடிவிட்டது என்றால் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போங்கள். அதற்குள் பாம்பு துவண்டு படுத்தாலோ முக்கிக்கொண்டே இருந்தாலோ வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே கிளம்புங்கள்.

சில முட்டை போட்டது, மீதி உள்ளேயே நிற்கிறது

இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மற்றச் சிக்கல்களில் முட்டைதான் போகும், இதில் தாய் போகும்.

முட்டை போட ஆரம்பித்த பாம்பு சாதாரணமாக ஒரு நாளுக்குள் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடும். நடுவில் சில மணி நேரம் ஓய்வெடுப்பது இயல்பு. ஆனால் முட்டைகளை விட்டு நகர்ந்து போய் வேறு மூலையில் படுத்திருக்கிறது, கழிவுத்துளைக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ மேடு அப்படியே அதே இடத்தில் நிற்கிறது, பாம்பு அவ்வப்போது முக்கி வாலை உயர்த்துகிறது என்றால் உள்ளே அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி முட்டை வந்த நேரத்திலிருந்து 48 மணி நேரம்தான் நல்ல வாய்ப்புள்ள நேரம். நாள் ஆக ஆக முட்டை குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மருந்துக்கு அசையாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். பெட்டியின் சூடு சரியா என்று பாருங்கள், குளிர்ந்த பாம்புக்குத் தசை வேலை செய்யாது. 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரைப் பாம்பின் பாதி உயரத்துக்கு ஊற்றி அரை மணி நேரம் அதில் விடுங்கள், அருகிலேயே இருங்கள். பிறகு ஈரமான முட்டைப் பெட்டியில் விட்டு, மூடி, இருட்டில் தனியாக விட்டுவிடுங்கள். பல பாம்புகள் இதற்கே மீதியைப் போட்டுவிடும்.

செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. விரலால் நீவி, அழுத்தி, முட்டையைப் பின்பக்கமாகத் தள்ளாதீர்கள். வீடியோக்களில் இரண்டு விநாடியில் முட்டை வெளியே வருவது போலத் தெரியும். ஒட்டிக்கொண்ட முட்டையை அழுத்தினால் உள்ளே முட்டைக்குழாய் கிழியும், அல்லது குழாயே புரண்டு வெளியே தள்ளிக்கொண்டு வரும். எனக்குத் தெரிந்த ஒரு கார்ன் ஸ்னேக், நான்கு வயது, முதல் ஈத்து, இரண்டே முட்டை மீதி, இப்படி அழுத்தித்தான் செத்தது. அழுத்திய கைகளில் இருந்தது அன்புதான். அதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்துகொண்டு போனால் பயம் குறையும். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்து எத்தனை முட்டை, எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்ப்பார். கால்சியமும் நீரும் ஏற்றலாம். ஆக்ஸிடோசின் ஊசி ஆமைகளில் நன்றாக வேலை செய்யும், பாம்புகளில் அவ்வளவு நம்ப முடியாது, அதனால் ஊசி போட்டும் வரவில்லையே என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த வழி, செதில்களுக்கு நடுவே ஊசியை விட்டு முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி எடுப்பது. முட்டை சுருங்கித் தானாக வெளியே வரும், அந்த முட்டை போனது போனதுதான். அதுவும் நடக்காவிட்டால் அறுவை சிகிச்சை. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவரை முட்டை வருவதற்கு முன்பே தேடி எண்ணை வாங்கி வையுங்கள், நள்ளிரவில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலும் பெட்டிக்குள் அடைந்து கிடந்து தசை வலுவில்லாமல் போவது, அதிகக் கொழுப்பு, நீர் போதாமை, வயதுக்கு முன்னே சேர்த்தது, முட்டை போட இடம் இல்லாதது. ஓரளவு பெரிய பெட்டியும் ஏறி இறங்கக் கிளையும் கொடுத்து வளர்த்த பாம்பு இதில் மாட்டுவது குறைவு என்பது என் அனுபவம்.

முட்டை மஞ்சளாக, சின்னதாக, கட்டியாக இருக்கிறது

கூமுட்டை. நல்ல முட்டை வெள்ளையாக, தோல் போல மிருதுவாக, விம்மி இருக்கும். சந்தேகம் இருந்தால் இருட்டறையில் எல்இடி டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடியுங்கள். சூடாகும் பழைய பல்பு டார்ச் வேண்டாம். உள்ளே இளஞ்சிவப்பும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு இருக்கிறது, வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் இல்லை. போட்ட அன்றே நரம்பு தெரியவில்லை என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வெள்ளையாக இருக்கும் எதையும், அது தானாக அழுகி நாறும் வரை நான் எறிவதில்லை.

ஆணோடு சேராத பாம்பும் கூமுட்டை போடும், கோழி போடுவது போல. அபூர்வமாக அதில் கருவும் இருக்கும். 2020 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆண் பாம்பு அருகில் இல்லாமலே ஏழு முட்டை போட்டது உலகச் செய்தியானது. பழைய விந்தைச் சேமித்து வைப்பதும் பாம்புகளில் உண்டு, ஆண் இல்லாமலே குட்டி உருவாவதும் உண்டு. அதனால் தனியாக வளர்க்கும் பாம்பு முட்டை போட்டாலும் ஒருமுறை ஒளி வைத்துப் பாருங்கள்.

எடுக்கும்போது முட்டை உருண்டுவிட்டது, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது

எடுக்கும் முன்பே ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மார்க்கர் வேண்டாம். முதல் ஒரு நாளுக்குள் உருண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு கரு ஒரு பக்கமாக நிலைத்துவிடும், புரட்டினால் மஞ்சள் கரு அதன் மேல் அழுந்தும் ஆபத்து இருக்கிறது. அப்படியும் உருண்டுவிட்டால் புள்ளி மேலே வரும்படி வைத்துவிட்டுக் காத்திருங்கள். பிழைத்துப் பொரிந்தவை நிறைய. ஒட்டிய முட்டைகளைப் பிரிக்க வேண்டாம், குவியலாகவே அடைக்கு வையுங்கள்.

தாய் சுற்றிக்கொண்டு விட மறுக்கிறது

கார்ன் ஸ்னேக் போட்டதோடு சரி, திரும்பிப் பார்க்காது. பைத்தான்கள் அப்படி இல்லை, முட்டைக் குவியலைச் சுற்றி இறுகப் படுத்து அடைகாக்கும். பர்மியப் பைத்தான் தசையை நடுங்கவைத்துச் சூடு கூட உண்டாக்கும். தாயிடமே விடுவதும் ஒரு வழிதான், பெட்டியின் சூடும் ஈரமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால். எடுப்பதென்றால் தலைமேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டு, வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரியுங்கள். அப்புறம் தாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பெட்டியையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். முட்டை வாசனை இருக்கும்வரை அது இரை எடுக்காமல் காவல் காத்துக்கொண்டே இருக்கும்.

முட்டையில் குழி விழுகிறது

எத்தனையாவது நாள்? இங்கும் முதல் கேள்வி அதுதான். கடைசி இரண்டு வாரத்தில் குழி விழுவது பொரியப்போவதன் அறிகுறி, கை வைக்காதீர்கள். முதல் மாதத்தில் விழுந்தால் ஈரம் போதவில்லை. முட்டை டப்பாவில் நிரப்பியிருப்பது வெர்மிகுலைட் (ஈரத்தைத் தேக்கி வைக்கும் கனிமத் துகள்) என்றால் எடைக்கு எடை தண்ணீர் கலந்து, கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. குழி விழுந்தபின் வெதுவெதுப்பான தண்ணீரை முட்டையில் படாமல் டப்பாவின் ஓரமாக ஊற்றுங்கள், மேலே ஈரப் பாசியை லேசாகப் போர்த்துங்கள். இரண்டு மூன்று நாளில் விம்மிவிடும். என் முதல் ஈத்தில் டப்பாவுக்குக் காற்று வேண்டுமே என்று சுற்றிலும் ஓட்டை போட்டு வைத்தேன், பத்தாம் நாள் எல்லா முட்டையும் உலர்ந்த திராட்சை போல ஆகிவிட்டன. ஓட்டைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றை டேப் ஒட்டி அடைத்தேன், தண்ணீர் சேர்த்தேன், பன்னிரண்டில் ஒன்பது பொரிந்தன. வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து விசிறினால் அவற்றுக்குத் தேவையான காற்று கிடைத்துவிடும்.

பூஞ்சை பிடித்திருக்கிறது

உயிருள்ள முட்டை பூஞ்சையை ஓரளவு தானே தடுத்துக்கொள்ளும். பஞ்சு போல முழுவதும் மூடி, உள்ளே சுருங்கி, நாறினால் அது செத்த முட்டை. தனியாக இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பக்கத்து முட்டையின் ஓடு கிழியும். நல்ல முட்டையில் சிறு புள்ளியாக இருந்தால் உலர்ந்த பஞ்சால் துடைத்து, ஈரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மூடியிலிருந்து தண்ணீர்த்துளி முட்டைமேல் சொட்டுவதும் ஒரு காரணம், டப்பாவைச் சற்றே சாய்த்து வைத்தால் துளி ஓரமாக வழிந்துவிடும்.

சூடு ஏறி இறங்குகிறது

கார்ன் ஸ்னேக்குக்கு 27 முதல் 29 டிகிரி, பால் பைத்தானுக்கு 31 முதல் 32. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் முட்டை இருக்கும் உயரத்தில், முட்டை டப்பாவுக்குள் இருக்கட்டும். சுவரில் ஒட்டி வைத்தால் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் வேறாக இருக்கும். முட்டை டப்பாவை வைக்கும் சூடான பெட்டியான இன்குபேட்டரின் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் மின்சாரம் போனாலும் சூடு மெதுவாகத்தான் இறங்கும். சில மணி நேரக் குளிரை முட்டை தாங்கும், பொரிவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். சூடுதான் கொல்லும்: 34 டிகிரியைத் தாண்டினால் முதுகெலும்பு கோணிய குட்டிகள், செத்த கருக்கள். சீக்கிரம் பொரியட்டும் என்று கூட்டவே கூட்டாதீர்கள். சூட்டை மாற்றினால் ஆணோ பெண்ணோ கிடைக்கும் என்பதும் தவறு. முதலைக்கும் பல ஆமைகளுக்கும் அது பொருந்தும். இந்தப் பாம்புகளுக்குக் குரோமோசோம்தான் முடிவு செய்கிறது.

நாள் தாண்டியும் பொரியவில்லை

சரியான சூட்டில் இரண்டுமே ஏறக்குறைய 55 முதல் 65 நாள். சூடு ஓரிரு டிகிரி குறைவாக இருந்தால் கார்ன் ஸ்னேக் 70 நாளைத் தாண்டுவதும் உண்டு. ஒளி வைத்துப் பாருங்கள்; நரம்போ அசைவோ தெரிந்தால் பொறுங்கள்.

முதல் முட்டையில் கீறல் தெரிந்து, சின்ன மூக்கு எட்டிப் பார்த்தால் அது வெளியே வர ஒன்று இரண்டு நாள் ஆகலாம். மூக்கை நீட்டிக்கொண்டு அங்கேயே படுத்திருக்கும், மீதி மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இழுக்காதீர்கள். மற்றவை வெளியே வந்து இரண்டு நாள் ஆகியும் ஒரு முட்டை மட்டும் அசையாமல் இருந்தால், மேல்பக்கம் நரம்பு இல்லாத இடமாகப் பார்த்து நுனி மழுங்கிய சிறு கத்தரியால் ஒரு சிறு கீறல் போட்டுவிட்டு மூடிவிடுங்கள். முன்கூட்டியே எல்லா முட்டையையும் வெட்டித் திறக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, நிறத்தைப் பார்க்கும் அவசரத்தில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

குட்டி மஞ்சள் கருப் பையோடு வெளியே வந்துவிட்டால் பையை அறுக்காதீர்கள். ஈரமான வழுவழுப்பான பேப்பர் டவல் விரித்த சிறு டப்பாவில் வைத்து, முட்டை இருந்த அதே சூட்டில் விடுங்கள். ஓரிரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும், அல்லது தானே காய்ந்து விழும். மற்றக் குட்டிகளுக்கு இப்போது இரை வேண்டாம், தண்ணீர் மட்டும். ஒன்று இரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கும், அதற்குப் பிறகுதான் முதல் எலிக்குஞ்சு. அந்தத் தேதியை ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.